உணவு, பானத் தொழிற்சாலைக் கழிவுநீர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஈடிபி எனப்படும் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் புதிதாகப் பொறுப்பேற்றவர்களுக்கும், அங்கே என்னதான் நடக்கிறது என்று உற்பத்திப் பிரிவிலிருந்து எட்டிப் பார்ப்பவர்களுக்கும் இந்தப் பக்கம். பால், பழச்சாறு, குளிர்பானம், பீர், இறைச்சி, மீன், காய்கறி என எந்த ஆலையாக இருந்தாலும் அடிப்படை ஒன்றுதான். ஆலைக்கு ஆலை மாறும் விஷயங்களை அங்கங்கே சொல்லியிருக்கிறேன்.

உணவுப் பொருள்தானே கலந்திருக்கிறது, விஷம் ஒன்றும் இல்லையே. ஆற்றில் விட்டால் என்ன கெட்டுவிடும்?

பெரும்பாலும் விஷம் இல்லை என்பது சரிதான். முலாம் பூசும் ஆலையிலிருந்து வருவதுபோல இதில் கன உலோகங்கள் வராது. சிக்கல் வேறு: நுண்ணுயிர்களுக்கு இது மிக நல்ல சாப்பாடு. ஆற்றில் விழுந்ததும் பாக்டீரியா அதைத் தின்று பெருகும், பெருகும்போது நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை இழுத்துக்கொள்ளும். 25 டிகிரி வெப்பத்தில் சுத்தமான நீரே லிட்டருக்கு 8 மில்லிகிராம் அளவுக்குத்தான் ஆக்சிஜனைக் கரைத்து வைத்திருக்கும். உங்கள் கழிவுநீரின் பிஓடி, அதாவது அதைத் தின்ன பாக்டீரியா எடுக்கும் ஆக்சிஜன், லிட்டருக்கு 2,000 மில்லிகிராம் என்றால், அதில் ஒரு லிட்டர் போதும், 250 லிட்டர் ஆற்று நீரின் ஆக்சிஜன் மொத்தமும் காலி. மீன்கள் அதற்கு வெகு முன்பே திணறத் தொடங்கிவிடும். ஆக்சிஜன் தீர்ந்த பிறகு நீர் கறுக்கும், அழுகல் நாற்றம் வரும்.

நிலத்தில் பாய்ச்சிவிடலாமே என்று கேட்பவர்களும் உண்டு. சுத்திகரிக்காமல் பாய்ச்சினால் கொழுப்பும் நுண்ணுயிர்ச் சளியும் மண்ணின் துளைகளை அடைத்துவிடும். சுத்தம் செய்யப் பயன்படும் காஸ்டிக் சோடாவிலிருந்து வரும் சோடியம் மண்ணை இறுக்கிவிடும். கெடுதல் மெதுவாகத் தெரியவரும், அவ்வளவுதான் வித்தியாசம்.

பிஓடி, சிஓடி இரண்டுக்கும் என்ன வேறுபாடு? எதைப் பார்த்து வேலை செய்வது?

இரண்டுமே நீரிலுள்ள கரிமப் பொருளை ஆக்சிஜன் கணக்கில் சொல்பவை. பிஓடியில் பாக்டீரியாவைத் தின்னவிட்டு, அது எவ்வளவு ஆக்சிஜன் எடுத்தது என்று பார்க்கிறோம். வழக்கமான முறையில் 20 டிகிரியில் 5 நாள். வெப்ப நாடுகள் சிலவற்றில் 27 டிகிரியில் 3 நாள். சிஓடியில் பொட்டாசியம் டைகுரோமேட்டும் அமிலமும் சேர்த்து 150 டிகிரியில் 2 மணி நேரம் கொதிக்கவைத்து, வேதி முறையிலேயே எரித்துவிடுகிறோம்.

கழிவுநீரை வெளியேற்றும் உரிமத்தில் பெரும்பாலும் இரண்டுக்குமே வரம்பு இருக்கும். தினசரி ஓட்டத்துக்கு சிஓடிதான் உதவும். 5 நாள் கழித்து வரும் எண்ணை வைத்துக்கொண்டு இன்றைய தொட்டியை என்ன செய்ய முடியும்? உணவு ஆலைகளில் பிஓடி பொதுவாக சிஓடியில் பாதி முதல் 70 சதவீதம் வரை இருக்கும். உங்கள் ஆலைக்கான விகிதத்தை ஒருமுறை கண்டுபிடித்துவிட்டால் சிஓடியை வைத்தே ஓட்டலாம். அந்த விகிதம் திடீரென 0.3க்கு இறங்கினால், பாக்டீரியா தின்ன முடியாத ஏதோ ஒன்று உள்ளே வந்திருக்கிறது, அல்லது மாதிரியில் இருந்த பாக்டீரியாவைக் கிருமிநாசினி கொன்றிருக்கிறது. லேபைத் திட்டுவதற்கு முன் சுத்தம் செய்யும் பிரிவில் என்ன மாற்றினார்கள் என்று விசாரியுங்கள்.

உப்பு அதிகமுள்ள கழிவுநீரில் குளோரைடு சிஓடியை ஏற்றிக் காட்டும். அதற்காகத்தான் சோதனையில் மெர்க்குரிக் சல்பேட் சேர்க்கிறார்கள்.

எங்கள் கழிவுநீர் எவ்வளவு கடுமையானது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அளவு: வீட்டுச் சாக்கடையின் பிஓடி லிட்டருக்கு 200 முதல் 300 மில்லிகிராம். பால் ஆலையில் இது 1,000 முதல் 4,000 வரை போகும். பீர் ஆலையில் சிஓடி 2,000 முதல் 6,000 வரை சகஜம். பாலாடைக்கட்டி செய்து மிஞ்சும் மோர்த்தண்ணீரின் சிஓடி 50,000க்கு மேல். இறைச்சிக் கூடத்தில் ரத்தம் வடிகாலில் இறங்கினால் கணக்கே வேறு, ரத்தத்தின் சிஓடி 3 லட்சத்துக்கும் மேல். சர்க்கரைப் பாகிலிருந்து சாராயம் வடிக்கும் ஆலையின் கழிவு 80,000, ஒரு லட்சம் என்று வரும்.

இந்த எண்களை வடிவமைப்புக்கு எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரே பொருளைச் செய்யும் இரண்டு ஆலைகளுக்கு நடுவில்கூட மூன்று, நான்கு மடங்கு வித்தியாசம் வரும். அந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்பது அடுத்த இரண்டு பதில்களில்.

ஒரு டேங்க் சிரப் தவறி வடிகாலில் போய்விட்டது. இது பெரிய விஷயமா?

ஆம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 60 பிரிக்ஸ், அதாவது எடையில் 60 சதவீதம் சர்க்கரை உள்ள சிரப் 1,000 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் சுமார் 770 கிலோ சர்க்கரை இருக்கும். ஒரு கிலோ சர்க்கரை முழுதாக எரிய 1.12 கிலோ ஆக்சிஜன் வேண்டும். ஆக, ஏறக்குறைய 860 கிலோ சிஓடி. ஒரு மனிதர் ஒரு நாளைக்குச் சாக்கடைக்கு அனுப்பும் சிஓடி சுமார் 120 கிராம் என்பது வடிவமைப்பில் வழக்கமாக எடுக்கும் கணக்கு. அப்படியானால் சுமார் 7,000 பேர் வாழும் ஓர் ஊரின் ஒரு நாள் சாக்கடைச் சுமையை நீங்கள் ஒரு வால்வைத் திறந்து அனுப்பியிருக்கிறீர்கள்.

பாலும் சளைத்ததில்லை. பாலின் பிஓடி லிட்டருக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் மில்லிகிராம். 100 லிட்டர் பால் கொட்டினால் 10 கிலோ பிஓடி. மிதமான அளவில் உள்ள ஒரு நிலையத்துக்கு அது ஒரு பொருட்டில்லைதான். ஆனால் ஒவ்வொரு ஷிஃப்டிலும் நிரப்பும் இயந்திரத்தடியில் அந்த 100 லிட்டர் சொட்டிக்கொண்டே இருந்தால், அதற்காக மட்டும் ஆண்டு முழுக்க, தொட்டியில் காற்று ஊதும் ப்ளோயர் ஓடிக்கொண்டிருக்கும்.

அப்படியானால் உற்பத்திப் பிரிவிலேயே சுமையைக் குறைக்க என்ன செய்யலாம்?

ஈடிபியில் புதுத் தொட்டி கட்டக் கேட்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். ஆனால் பெரும்பாலும் கடைசியில்தான் கேட்கிறார்கள். ஏனென்றால் ஈடிபி ஒருவர் பொறுப்பு, தரையில் கொட்டுவது வேறொருவர் பொறுப்பு.

முதல் வேலை, தண்ணீர்க் குழாயைக் கையில் எடுப்பதற்கு முன் தரையைக் கூட்டுவது. தரையில் கிடக்கும் மாவு, தோல், சதை, கூழ் எல்லாவற்றையும் ரப்பர் தள்ளுகோலால் ஒதுக்கி அள்ளித் தொட்டியில் போட்ட பிறகுதான் கழுவ வேண்டும். குழாயைப் பிடித்துக்கொண்டு ஒரு காய்த் துண்டை பத்தடி தூரம் வடிகால்வரை ஓட்டிக்கொண்டு போகும் காட்சியை எல்லா ஆலையிலும் பார்க்கலாம். அந்தத் துண்டு திடப்பொருளாக இருக்கும்வரை அள்ளிவிடலாம். தண்ணீரில் ஊறிக் கரைந்துவிட்டால் அதை எடுக்க மின்சாரமும் பாக்டீரியாவும் வேண்டும். வடிகால் ஒவ்வொன்றிலும் சல்லடைக் கூடை வையுங்கள். கழுவுபவர் தூக்கிப் போட்டுவிட முடியாதபடி பூட்டியும் வையுங்கள்.

அடுத்தது குழாய்களுக்குள் தங்கும் பொருள். ஒரு பொருளிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது குழாயில் மிச்சம் இருப்பதை நீரால் தள்ளி வடிகாலில் விடுவது பழைய வழக்கம். ரப்பர் உருளையை அழுத்தத்தில் ஓடவிட்டு அதை மீட்கலாம். கெட்டியான கூழ், ஜாம், தயிர் போன்றவற்றுக்கு இது செலவை விரைவில் எடுத்துத் தரும். முதல் அலசல் நீரைத் தனியாகப் பிடித்தால் அதிலும் பொருள் கணிசமாக இருக்கும். பால் ஆலைகளில் இதைச் செறிவாக்கித் திரும்ப எடுக்கிறார்கள்.

சிஐபி எனப்படும், இயந்திரங்களைக் கழற்றாமலே உள்ளே கழுவும் உள்சுத்திகரிப்பில் காஸ்டிக்கை ஒருமுறை பயன்படுத்திக் கொட்டாமல் தொட்டியில் சேமித்துத் திரும்ப ஓட்டினால் ரசாயனச் செலவும் குறையும், ஈடிபிக்கு வரும் பிஎச் (அமில, கார அளவு) அதிர்ச்சியும் குறையும். கடைசி அலசல் நீர் அடுத்த சுற்றின் முதல் அலசலுக்கு நன்றாகவே போதும்.

கடைசியாக ஒன்று: ஒவ்வொரு பிரிவின் வடிகாலிலும் தனித்தனியாக ஓட்டத்தையும் சிஓடியையும் ஒரு வாரம் அளந்து பாருங்கள். மொத்தச் சுமையில் பெரும்பகுதி ஒன்றிரண்டு இடங்களிலிருந்துதான் வரும். அந்தக் காகிதத்தை உற்பத்தி மேலாளர் முன் வைத்துவிட்டு, போன பொருளின் கிலோ கணக்கையும் எழுதிக் காட்டினால் பேச்சு சுலபமாகும்.

சுத்திகரிப்பின் வழக்கமான வரிசை என்ன?

முதலில் கம்பிச் சல்லடை, பிறகு அரை மில்லிமீட்டர் முதல் 2 மில்லிமீட்டர் வரை துளையுள்ள சுழல் சல்லடை. பிறகு சமன் தொட்டி, பிஎச் சரிசெய்தல், கொழுப்பு இருந்தால் மிதவைப் பிரிப்பு. அப்புறம் உயிரியல் கட்டம்: காற்றில்லா முறை, காற்றுள்ள முறை, அல்லது முதலில் அது, பின் இது. அதன்பின் சேறு படியும் தொட்டி. தேவைப்பட்டால் மணல் வடிகட்டி, சவ்வு, கிருமிநீக்கம். சேற்றுக்குத் தனி வழி.

சமன் தொட்டி எதற்கு? இடம் இல்லை, விட்டுவிடலாமா?

விடாதீர்கள். வேறு எதிலாவது சுருக்கிக்கொள்ளுங்கள்.

உணவு ஆலையின் ஓட்டம் சீராக இருக்காது. பகலில் உற்பத்தி நடக்கும்போது லேசான அலசல் நீர் வரும். ஷிஃப்ட் முடிந்ததும் சிஐபி தொடங்கும். 2 சதவீத காஸ்டிக் கலந்த, 70 டிகிரி சூட்டிலுள்ள நீர் ஒரேயடியாக இறங்கும், பிஎச் 12க்கு மேல். அரை மணி கழித்து நைட்ரிக் அமிலம், பிஎச் 2. அதன்பின் பெர்அசிட்டிக் அமிலம் போன்ற கிருமிநாசினி. இந்த மூன்றும் தனித்தனியாக, பாக்டீரியாவுக்குக் காற்று ஊதும் ஏரேஷன் தொட்டிக்குள் போனால், ஒவ்வொன்றும் ஒருவிதத்தில் பாக்டீரியாவைத் தாக்கும். அதே மூன்றும் 12 மணி நேர அளவுள்ள தொட்டியில் பகல் நீரோடு கலந்தால், காஸ்டிக்கும் அமிலமும் ஒன்றையொன்று தீர்த்துக்கொள்ளும், சூடு தணியும், கிருமிநாசினி கரிமப் பொருளோடு வினைபுரிந்து பெருமளவு வலுவிழக்கும். நீங்கள் டோசிங் பம்பில் ஊற்ற வேண்டிய ரசாயனத்தில் பாதி இங்கேயே மிச்சம்.

பொதுவாக 8 முதல் 24 மணி நேர ஓட்டத்தைத் தாங்கும் அளவு வைக்கிறார்கள். வாரக் கடைசியில் ஆலை நிற்குமென்றால் பெரிதாக வைத்து, அந்த இரண்டு நாளும் உயிரியல் தொட்டிக்குக் கொஞ்சமாவது தீனி போகும்படி பார்த்துக்கொள்வது நல்லது. தொட்டியில் கலக்கி கட்டாயம் வேண்டும். கலக்காவிட்டால் அடியில் திடப்பொருள் படிந்து புளித்து, நீங்கள் கேட்காமலேயே ஒரு காற்றில்லாத் தொட்டி உருவாகிவிடும். இதோடு பக்கத்தில் ஓர் அவசரத் தொட்டியும் இருந்தால் நிம்மதி. சிரப் கொட்டிய செய்தி வந்தவுடன் அதில் திருப்பிவிட்டு, நாள்கணக்கில் சிறிது சிறிதாகக் கலந்து விடலாம்.

பிஎச் இறக்க கந்தக அமிலம் மலிவு. ஏன் அதைத் தவிர்க்கச் சொல்கிறார்கள்?

காற்றில்லா முறை இருந்தால்தான் அந்த எச்சரிக்கை. கந்தக அமிலத்தோடு போகும் சல்பேட் அங்கே ஹைட்ரஜன் சல்ஃபைடாக மாறும். நாற்றம், துரு, விஷ வாயு எல்லாம் சேர்ந்து வரும், மீத்தேனும் குறையும். ஹைட்ரோகுளோரிக் அமிலம் எடுத்தால் குளோரைடு ஏறும். கொதிகலன் புகையில் அல்லது நொதித்தலில் கார்பன் டை ஆக்சைடு கிடைக்குமென்றால் காஸ்டிக்கை அதை வைத்தே தணிக்கலாம். அளவு கூடிப்போனாலும் பிஎச் ஆபத்தான இடத்துக்கு இறங்காது.

எண்ணெயும் கொழுப்பும் அதிகம். கிரீஸ் டிராப் போதாதா?

மேலே தானாக மிதக்கும் கொழுப்புக்குப் போதும். சூடான நீரிலும் டிடர்ஜென்ட்டிலும் பால்போலக் கலங்கிப்போன கொழுப்புக்குப் போதாது. அது கிரீஸ் டிராப்பைக் கடந்துபோய், கீழே குளிர்ந்த குழாயில் உறையும். கிரீஸ் டிராப் சுத்தமாக இருக்கிறதே என்று சந்தோஷப்பட வேண்டாம், கொழுப்பு எங்கே போனது என்று தேடுங்கள்.

கலங்கிய கொழுப்புக்கு டிஏஎஃப், அதாவது கரைகாற்று மிதவை. நீரில் 4 முதல் 6 பார் அழுத்தத்தில் காற்றைக் கரைத்து, தொட்டிக்குள் திடீரென அழுத்தம் இறக்கினால் கண்ணுக்குத் தெரியாத நுண்குமிழிகள் வரும், 30 முதல் 100 மைக்ரான் வரை. நீர் வெள்ளைப் புகைபோலத் தெரியும். அந்தக் குமிழிகள் கொழுப்புத் திரளில் ஒட்டி மேலே தூக்கிவரும். திரள் உண்டாக ஆலம், ஃபெரிக் குளோரைடு அல்லது பிஏசி எனப்படும் பாலி அலுமினியம் குளோரைடு, அதன்பின் பாலிமர். எது, எவ்வளவு என்பதை ஜார் டெஸ்ட் வைத்துத்தான் சொல்ல முடியும். ஆறு பீக்கரில் வெவ்வேறு அளவு போட்டுக் கலக்கிப் பார்ப்பது, அவ்வளவே. பிஎச் மாறினால் இந்த அளவும் மாறும். கோடையில் வைத்த டோஸையே குளிர்காலத்திலும் ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் பாலிமரை வீணாக்குகிறார்கள்.

காற்றுள்ள முறையா, காற்றில்லா முறையா?

சிஓடி 1,000க்குக் கீழே என்றால் காற்றுள்ள முறை. 2,000க்கு மேலே, நீர் வெதுவெதுப்பாக, கொழுப்புக் குறைவாக இருந்தால் முதலில் காற்றில்லா முறை, பிறகு மிச்சத்துக்குக் காற்றுள்ள முறை. நடுவில் இருப்பவர்கள் இடம், மின்கட்டணம், சேறு அகற்றும் செலவு மூன்றையும் பார்த்து முடிவெடுக்க வேண்டும்.

காற்றுள்ள முறை பழையது. செயல்படுத்திய சேறு என்ற இந்த முறையை மான்செஸ்டரில் ஆர்டர்ன், லாக்கெட் இருவரும் 1914இல் வெளியிட்டார்கள். இன்றும் அடிப்படை மாறவில்லை. தொட்டியில் காற்றை ஊதி, லிட்டருக்கு 2 மில்லிகிராம் கரைந்த ஆக்சிஜனை வைத்து, பாக்டீரியாவைத் தின்னவிட்டு, பிறகு படியவைத்து, படிந்த சேற்றைத் திரும்ப அனுப்புவது. நன்றாக ஓடினால் வெளியேறும் நீர் தெளிவாக இருக்கும். செலவு இரண்டு இடத்தில்: ப்ளோயருக்கு மின்சாரம், பிறகு சேறு. நீக்கும் ஒவ்வொரு கிலோ பிஓடிக்கும் 0.4 முதல் 0.6 கிலோ வரை உலர் சேறு கிடைக்கும்.

காற்றில்லா முறையில் ப்ளோயர் இல்லை. சேறு பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் வரும். நீக்கும் ஒரு கிலோ சிஓடிக்கு 0.35 கன மீட்டர் மீத்தேன், இது 0 டிகிரி கணக்கு. ஒரு டன் சிஓடி நீக்கினால் 350 கன மீட்டர் மீத்தேன், சுமார் 3,500 யூனிட் வெப்ப ஆற்றல். கொதிகலனில் எரிக்கலாம். 1970களில் நெதர்லாந்தின் வாகனிங்கன் பல்கலைக்கழகத்தில் கட்சே லெட்டிங்காவின் குழு யுஏஎஸ்பி தொட்டியை உருவாக்கியது. சேறு தானாகவே மணி மணியாக உருண்டு அடியில் தங்க, நீர் கீழிருந்து மேலாக அதைக் கடந்து போகும். முதலில் பீட்ரூட் சர்க்கரை ஆலைக் கழிவுநீரில்தான் பெரிய அளவில் ஓட்டிப் பார்த்தார்கள். ஒரு கன மீட்டர் தொட்டியில் ஒரு நாளைக்கு 5 முதல் 15 கிலோ சிஓடிவரை ஏற்றலாம். காற்றுள்ள தொட்டி இதில் சிறு பங்கைத்தான் தாங்கும்.

ஆனால் காற்றில்லா முறை மட்டும் வைத்துக்கொண்டு உரிம அளவைத் தொட முடியாது. மிச்சம் எப்போதும் இருக்கும், நைட்ரஜன் அப்படியே இருக்கும், வாடையும் இருக்கும். கொழுப்பு வந்தால் மணிச் சேற்றை மூடி மிதக்கவைத்து, வெளியே அடித்துக்கொண்டு போய்விடும். கொழுப்பு அதிகமுள்ள ஆலைக்கு யுஏஎஸ்பி விற்க வருபவரிடம் முன்னால் டிஏஎஃப் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.

காற்றில்லாத் தொட்டி புளித்துவிட்டது. என்ன செய்வது?

தீனியைக் குறையுங்கள், தேவையானால் நிறுத்துங்கள். அது முதல் வேலை, காஸ்டிக் ஊற்றுவது இல்லை.

உள்ளே இரண்டு கூட்டம் வேலை செய்கிறது. ஒன்று சர்க்கரையை அமிலமாக்கும், வேகமாக வளரும். மற்றது அந்த அமிலத்தை மீத்தேனாக்கும், மெதுவாக வளரும், பிஎச் 6.8 முதல் 7.4 வரை இருந்தால்தான் சுறுசுறுப்பு. சுமை திடீரென ஏறினால் முதல் கூட்டம் முந்திவிடும், அமிலம் குவியும். பிஎச் மீட்டர் இதைத் தாமதமாகத்தான் காட்டும். ஆவியாகும் கொழுப்பமிலத்துக்கும் காரத்தன்மைக்கும் உள்ள விகிதத்தைத் தினமும் பாருங்கள். 0.3க்குள் இருந்தால் கவலை இல்லை. 0.4 தாண்டினால் அன்றே சுமையைக் குறையுங்கள். வாயுவில் கார்பன் டை ஆக்சைடு பங்கு ஏறுவதும் ஓர் அடையாளம். சோடியம் பைகார்பனேட் சேர்த்துக் காரத்தன்மையைத் தாங்கவைக்கலாம். விகிதம் இறங்கிய பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தீனியை ஏற்றலாம்.

வெப்பமும் பாருங்கள். 35 டிகிரியில் ஓடும் தொட்டி 25க்கு இறங்கினால் அதே சுமையைத் தாங்காது.

கழிவுநீரில் யூரியாவும் டிஏபியும் ஏன் போடச் சொல்கிறார்கள்? அதுவே மாசுதானே?

குளிர்பானம், பழச்சாறு, மிட்டாய் ஆலைகளின் நீரில் கார்பன் கொட்டிக் கிடக்கும், நைட்ரஜனும் பாஸ்பரஸும் இருக்காது. வெறும் சர்க்கரையைத் தின்று யாரும் உடம்பு வளர்க்க முடியாது, பாக்டீரியாவும் அப்படித்தான். காற்றுள்ள முறைக்குப் பழைய விதி: பிஓடி 100க்கு நைட்ரஜன் 5, பாஸ்பரஸ் 1.

ஒரு நாளைக்கு 500 கிலோ பிஓடி என்றால் நைட்ரஜன் 25 கிலோ, பாஸ்பரஸ் 5 கிலோ வேண்டும். டிஏபியில் பாஸ்பரஸ் 20 சதவீதம், நைட்ரஜன் 18 சதவீதம். எனவே 25 கிலோ டிஏபி போட்டால் பாஸ்பரஸ் முழுதும், நைட்ரஜனில் 4.5 கிலோவும் கிடைத்துவிடும். மிச்ச 20.5 கிலோ நைட்ரஜனுக்கு 46 சதவீத யூரியா சுமார் 45 கிலோ. உங்கள் நீரில் ஏற்கெனவே இருப்பதைக் கழித்துவிட்டுப் போடுங்கள். வெளியேறும் நீரில் அம்மோனியா நைட்ரஜன் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் அளவுக்கு மிஞ்சினால் போதும். பத்து மிஞ்சினால் உரத்தை ஆற்றில் கொட்டுகிறீர்கள்.

பால், இறைச்சி, மீன் ஆலைகளுக்கு இது பெரும்பாலும் தேவைப்படாது.

சேறு படிய மாட்டேன் என்கிறது. எங்கே தொடங்குவது?

ஒரு லிட்டர் அளவுகோல் உருளையில் ஏரேஷன் தொட்டி நீரை நிரப்பி, வெயில் படாத இடத்தில், ஆடாமல் வையுங்கள். கடிகாரத்தைப் பார்த்து 30 நிமிடம். நல்ல சேறு முதல் ஐந்து நிமிடத்திலேயே திரண்டு இறங்கத் தொடங்கும், மேலே தெளிந்த நீர் ஒரு கோடு கிழித்ததுபோலப் பிரியும். 30 நிமிடத்தில் 300 மில்லியில் நின்றது, தொட்டியில் திடப்பொருள் லிட்டருக்கு 3,000 மில்லிகிராம் என்றால், சேற்றுக் குறியீடு எஸ்விஐ 100. நல்ல எண். 150 தாண்டினால் கவனம், 200 தாண்டினால் படியும் தொட்டியின் விளிம்பில் சேறு வழிவதற்கு நாள் எண்ணலாம்.

உருளையை உடனே கழுவிவிடாதீர்கள். இன்னும் ஒன்றிரண்டு மணி நேரம் விட்டுப் பாருங்கள். படிந்த சேறு குமிழிகளோடு மொத்தமாக மேலே எழுந்தால் அது வேறு நோய். அடியில் இருக்கும் நைட்ரேட், நைட்ரஜன் வாயுவாக மாறிச் சேற்றைத் தூக்குகிறது. சேற்றைத் தாமதிக்காமல் திரும்ப அனுப்பினால் குறையும்.

எழாமல், பஞ்சுபோல உப்பியே நின்றால் நுண்ணோக்கியில் ஒரு சொட்டு பாருங்கள். நூல்நூலாகத் தெரிந்தால் இழைப் பாக்டீரியா. காரணங்கள் வழக்கமானவை: ஆக்சிஜன் குறைவு, நைட்ரஜன் அல்லது பாஸ்பரஸ் குறைவு, சமன் தொட்டியிலேயே புளித்து வந்த அமிலமும் சல்ஃபைடும், எண்ணெய். சர்க்கரை ஆலை, பான ஆலைகளில் முதலில் சந்தேகப்பட வேண்டியது சத்துக் குறைவைத்தான். நூல் இல்லை, ஆனால் சேறு கொழகொழவென்று சளிபோல இருக்கிறது என்றாலும் அதே சந்தேகம்தான். திரும்பும் சேற்றில் குளோரின் போட்டு இழைகளைக் கொல்லலாம், ஆனால் காரணத்தைச் சரிசெய்யாவிட்டால் மீண்டும் வரும்.

நுரை நிறைய வருகிறது.

வெள்ளை, லேசான நுரை என்றால் டிடர்ஜென்ட், அல்லது இன்னும் வளராத இளம் சேறு. பழுப்பு நிறத்தில் கெட்டியாக, பிசுபிசுப்பாக நின்றால் கொழுப்பும் சேற்றின் வயதும் காரணம். கொழுப்பை முன்னாலேயே பிடியுங்கள், பழைய சேற்றை வெளியேற்றுங்கள், மிதக்கும் நுரையை வழித்து எடுத்துவிடுங்கள், திரும்ப உள்ளே அனுப்பாதீர்கள்.

அக்கம்பக்கத்தில் நாற்றம் என்று புகார். தொழிலாளர்களுக்கு ஆபத்து உண்டா?

உண்டு. நாற்றம் என்பது பெரும்பாலும் ஹைட்ரஜன் சல்ஃபைடு. மிகச் சிறிய அளவிலேயே அழுகிய முட்டை வாடை தெரியும். 100 பிபிஎம் அளவில் உயிருக்கு உடனடி ஆபத்து என்றே பாதுகாப்பு விதிகள் சொல்கின்றன. அந்த அளவில் மூக்கின் வாடை உணர்வே செத்துவிடும். வாடை நின்றுவிட்டது என்று உள்ளே இறங்குபவர் அதனால்தான் விழுகிறார். அவரைத் தூக்க இன்னொருவர் இறங்குவார், அவரும் விழுவார். மூடிய தொட்டி, மேன்ஹோல், பம்ப் குழி எதிலும் வாயு அளவி இல்லாமல், காற்றோட்டம் செய்யாமல், வெளியில் கயிறு பிடித்த ஆள் இல்லாமல் யாரையும் இறக்காதீர்கள். மேலாளர் அவசரப்படுத்தினாலும் வேண்டாம். மீத்தேன் காற்றில் 5 முதல் 15 சதவீதம் இருந்தால் வெடிக்கும், அதுவும் சேர்ந்தே இருக்கும்.

நாற்றத்தைக் குறைக்கும் வழி, நீர் எங்கே நின்று அழுகுகிறதோ அந்த இடத்தைக் கண்டுபிடிப்பது. சல்லடைக் குப்பையை அன்றன்றே அகற்றுங்கள், சமன் தொட்டியில் காற்று விடுங்கள். வாசனைத் திரவம் தெளிப்பது பணத்துக்குக் கேடு.

நைட்ரஜன், பாஸ்பரஸ் அளவும் உரிமத்தில் இருக்கிறது. எப்படி எடுப்பது?

நைட்ரஜனுக்கு இரண்டு படி. காற்றுள்ள இடத்தில் அம்மோனியா நைட்ரேட்டாகும். ஒரு கிராம் நைட்ரஜனுக்கு 4.57 கிராம் ஆக்சிஜன் செலவாகும், கால்சியம் கார்பனேட் கணக்கில் 7.14 கிராம் காரத்தன்மையும் போகும். இதைச் செய்யும் பாக்டீரியா மெதுவாக வளரும், எனவே சேற்றைப் பத்து நாளுக்குக் குறையாமல் தொட்டியில் வைத்திருக்க வேண்டியிருக்கும். பிறகு காற்றில்லாத, ஆனால் கரிமத் தீனியுள்ள இடத்தில் நைட்ரேட் வாயுவாகிப் போகும். உணவு ஆலையில் தீனிக்குப் பஞ்சமில்லை, அது ஒரு சௌகரியம். முன்னாலுள்ள காற்றில்லாத் தொட்டி எல்லாத் தீனியையும் தின்றுவிடாதபடி ஒரு பங்கைப் புறவழியில் விட வேண்டியிருக்கலாம்.

பாஸ்பரஸுக்கு ஃபெரிக் குளோரைடோ ஆலமோ போட்டுப் படியவைப்பது எளிது. அதற்கு முன், சுத்தம் செய்ய பாஸ்பாரிக் அமிலம் பயன்படுத்துகிறார்களா என்று பாருங்கள். மாற்ற முடிந்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.

உப்பு?

உயிரியல் முறை உப்பை எடுக்காது. ஊறுநீர், பாலாடைக்கட்டி உப்புநீர், நீர் மென்மையாக்கியின் கழிவு ஆகியவற்றை வேறு எதோடும் கலக்காமல் தனியாகப் பிடியுங்கள். கொஞ்ச அளவில் கெட்டியாக இருக்கும்போது ஆவியாக்கலாம். எல்லாவற்றோடும் கலந்த பிறகு சவ்வு தவிர வழியில்லை.

பாக்டீரியாப் பவுடர் வாங்கிப் போட்டால் சீக்கிரம் தெளியுமா?

என் அபிப்பிராயத்தில் பெரும்பாலும் தேவையில்லை. உங்கள் நீருக்கு ஏற்ற பாக்டீரியா தானாகவே வந்து சேரும், அது நிலைக்கவில்லை என்றால் சூழல் சரியில்லை. தொடக்கத்திலோ, நச்சு ஏறித் தொட்டி செத்த பிறகோ, அதே வகை ஆலையிலிருந்து ஒரு லாரி உயிருள்ள சேறு கொண்டுவந்து போடுவது பல மடங்கு பலன் தரும்.

சீசனில் மட்டும் ஓடும் ஆலை எங்களுடையது. பல மாதம் தீனி இல்லாமல் சேறு உயிரோடு இருக்குமா?

காற்றில்லாத் தொட்டியின் மணிச் சேறு இருக்கும். பல மாதம் பட்டினி கிடந்தபிறகும் மெதுவாகத் தீனி ஏற்றினால் சில நாள்களிலோ வாரங்களிலோ பழைய நிலைக்கு வரும். காற்றுள்ள சேறு அவ்வளவு தாங்காது, ஒவ்வொரு சீசனுக்கும் புது விதைச் சேறு ஏற்பாடு செய்வதே யதார்த்தம். பழம், காய்கறி ஆலைகளுக்கு முதலில் காற்றில்லா முறை பொருந்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சுத்திகரித்த நீரை ஆலையிலேயே திரும்பப் பயன்படுத்தலாமா?

குளிர்விப்புக் கோபுரம், வெளித்தரை கழுவுதல், தோட்டம், கொதிகலன் ஆகியவற்றுக்கு, தேவையான அளவுக்கு வடிகட்டி, பயன்படுத்தலாம். நுண்வடிகட்டிச் சவ்வும் அதன்பின் ஆர்ஓவும் வைத்தால் நீர் நன்றாகவே இருக்கும். ஆனால் உள்ளே போன நீரில் கால்வாசி அளவு ஆர்ஓ கழிவாக வெளியே வரும், உப்பு எல்லாம் அதில்தான் இருக்கும். அதை எங்கே விடுவது என்று தீர்மானிக்காமல் ஆர்ஓ வாங்காதீர்கள். பொருளைத் தொடும் இடத்தில் பயன்படுத்துவதற்குத் தனி அனுமதியும் இடைவிடாத கண்காணிப்பும் வேண்டும். குழாயைத் தனி நிறத்தில், குடிநீர்க் குழாயோடு எந்த இணைப்பும் இல்லாமல் போடுங்கள்.

மிஞ்சும் சேற்றை என்ன செய்வது?

முதலில் நீரைப் பிழியுங்கள். 1 சதவீத திடப்பொருள் உள்ள 100 கன மீட்டர் சேற்றை 20 சதவீதத்துக்குக் கொண்டுவந்தால் சுமார் 5 கன மீட்டர். லாரி வாடகை இருபதில் ஒன்றாகும். உணவு ஆலைச் சேற்றில் கன உலோகம் குறைவென்பதால் மட்கவைத்து நிலத்துக்கு அனுப்ப நல்ல வாய்ப்பு உண்டு. அதற்கு முன் சோதனையும் அனுமதியும் வேண்டும். ஆலம், பாலிமர் கலந்த டிஏஎஃப் கொழுப்பை இதோடு கலக்காமல் தனியாக வைத்தால் இரண்டுக்குமே வழி சுலபமாகக் கிடைக்கும். கொழுப்பை உயிர்வாயுக் கலத்துக்கு அனுப்பலாம்.

புதிய நிலையம் கட்டப்போகிறோம். சப்ளையரிடம் என்ன கேட்க வேண்டும்?

அவர் உங்களிடம் என்ன கேட்கிறார் என்பதை முதலில் பாருங்கள். ஒரு நாளைக்கு எத்தனை கன மீட்டர் என்று மட்டும் கேட்டுவிட்டு விலை சொல்பவரை அனுப்பிவிடுங்கள். எத்தனை கிலோ சிஓடி, உச்ச மணி நேரத்தில் எவ்வளவு, சிஐபியில் என்ன ரசாயனம், கிருமிநாசினியில் குவாட்டர்னரி அம்மோனியம் உண்டா, வெப்பம் எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு, ஐந்து ஆண்டில் புதுப் பொருள் வருமா என்றெல்லாம் கேட்பவரிடம் பேசலாம்.

நீங்கள் கேட்க வேண்டியவை: உத்தரவாதம் எந்தச் சுமை வரை? ஒரு கிலோ சிஓடிக்கு எத்தனை யூனிட் மின்சாரம், எவ்வளவு ரசாயனம், எவ்வளவு சேறு? இதே வகை ஆலையில் ஓடிக்கொண்டிருக்கும் நிலையம் ஒன்றைக் காட்ட முடியுமா? காட்டினால் அங்கே போய் மேலாளரோடு காபி குடித்துவிட்டு வந்துவிடாமல், இரவு ஷிஃப்ட் ஆபரேட்டரிடம் பத்து நிமிடம் தனியாகப் பேசிவிட்டு வாருங்கள்.